ராஜா ஏன் மரத்தில் ஏறினார்

என் மகள் நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வருகிறாள். மாயமும் கிண்டலும் கலந்த கதைகள். பேசும் கழுதை, பல் விளக்காத சூனியக்காரி, இந்த மாதிரி. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் முடிக்கிறாள். அதுதான் முறை. எனக்குத்தான் அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளிப் புத்தகத்தை விட்டால் முழுசாகப் படித்த புத்தகம் ஒன்றுதான். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன்.

அது மாமா கொடுத்தது. அம்மாவுக்குத் தம்பி. மாகறலில் இருந்தார். அவருடைய கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் கையில் வைத்தார். "பள்ளிக்கூடத்துப் புக்கு இல்ல பாப்பா. சிரிக்கிற புக்கு" என்றார். அட்டையில் ஒரு ராஜா, ஒரு பூதம், ஒரு கோழி. மூன்றில் கோழிதான் பெரிதாக இருந்தது.

கல்யாணத்துக்கு நானும் அம்மாவும்தான் போனோம். அப்பா தறியில் வேறு யார் வீட்டுக்கோ முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. சொன்ன நாளுக்குக் கொடுக்க வேண்டும். "நீங்க முன்னாடி போங்க. நான் விடியக்காலை பஸ்ல வந்துடறேன்" என்றார். வரவில்லை. மூன்றாவது முடிச்சு அம்மா போட்டாள். அக்கா வீட்டுக்காரருக்குப் போட வேண்டிய மாலை ஆள் இல்லாமல் நின்றது. யாரோ அதை ஒரு நாற்காலியில் வைத்தார்கள். பார்க்காமல் ஒரு பெரியவர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது வேட்டியில் சம்பங்கி ஒட்டியிருந்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அப்பாவும் ரோஷக்காரர். அவரும் நிறுத்தினார்.

மற்ற வீடுகளில் இது நடக்கும். ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. எங்களுடையது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அப்பா தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டுவார். கரைக்கான நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அம்மா தள்ள வேண்டும். அவர் ஓட்டுவது, இவள் தள்ளுவது, அவர் அடிப்பது. நாள் முழுக்க ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்க்காமல், பேசாமல், ஒரே புடவையை நெய்தார்கள்.

பேச வேண்டியதை நான் பேசினேன்.

"உங்கப்பன கேளு, ஊடை இன்னும் எத்தினி இருக்குதுன்னு."

"அப்பா, ஊடை எத்தினி இருக்குதாம்?"

"போதும்னு சொல்லு."

"போதுமாம்மா."

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாடி வக்கீலம்மா, இன்னிக்கி கேசு எப்படிப் போவுது?" அந்தப் பெயர் தெருவில் கொஞ்ச காலம் நின்றது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பெயர் வைத்தால் லேசில் போகாது.

முகூர்த்தப் புடவை முடிந்து புதுப் பாவு வந்தது, அடுத்த மூன்று புடவைக்கான நீள இழைகள் மொத்தமும். தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, சரி பார்த்து, உருளையில் சுற்ற வேண்டும். சுற்றும்போது மேல் இழை கீழ் இழைக்குள் புதையக் கூடாது. அதற்காக நடுவில் நடுவில் தாள் வைத்துச் சுற்றுவார்கள். செய்தித்தாள் ஆகாது. மை பட்டுக்கு ஏறிவிடும். அப்பா பழுப்புத் தாள் கட்டு ஒன்று பரண் மேல் வைத்திருந்தார். ஒவ்வொரு பாவுக்கும் அதுதான்.

அந்தத் தாள் பரண் மேல் இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருந்தது. என் புத்தகங்களுக்கு அட்டை போட அம்மா அதைத்தான் எடுத்திருந்தாள். வேறு சமயமாக இருந்தால், எடுத்தேன், வேறு வாங்கி வையுங்கள் என்று சொல்லியிருப்பாள். பேச்சு இல்லை, சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கட்டு இருக்கும் என்று பாவை நீட்டிவிட்டார்.

நான் பள்ளியில் இருந்தேன். நடந்ததைப் பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரியும். பாவு தெருவில் நிற்கிறது. சுற்ற ஆரம்பித்தாகிவிட்டது. வானம் கறுத்துவிட்டது. பட்டு நனைந்தால் அவ்வளவுதான். அப்பா உள்ளே ஓடினார். பரணில் தாள் இல்லை. அலமாரியில் கைக்குப் புத்தகம் கிடைத்தது. நல்ல கனமான தாள், மை காய்ந்த தாள். முதல் பக்கத்திலிருந்து கிழித்துக் கிழித்து, சுற்றுக்கு நடுவில் வரிசையாக வைத்துச் சுற்றிவிட்டார். மழை தூறும்போது உருளை வீட்டுக்குள் வந்துவிட்டது.

சாயந்திரம் வந்து பார்த்தேன். அலமாரியில் அட்டை மட்டும் இருந்தது. ராஜா, பூதம், கோழி. உள்ளே ஒன்றும் இல்லை. நான் அதில் பாதிப் பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. நன்றாகத் தலை வாரிக்கொண்டு, விளக்கேற்றி வைத்துப் படிக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

"அம்மா, என் புக்கு எங்க?"

"உங்கப்பன கேளு."

"அப்பா, என் புக்கு?"

அப்பா உருளையைக் காட்டினார். "பாவுக்குள்ள இருக்குது. எங்கியும் போவாது. நெய்ய நெய்ய வரும்."

அழுதேன். அம்மா என்னைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஊட்ல எத்தினியோ தாளு இருக்குது. எந்தம்பி குடுத்ததுதான் கிழிக்கத் தோணுது." அம்மா என் பக்கம் திரும்பினாள். "சொல்லிடு உங்கப்பன்கிட்ட. பாதியில எழுந்து போற புத்தி எனக்கு இல்ல. இந்தப் பாவு முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கி நான் மாகறலுக்குப் போறேன். எந்தம்பி ஊட்ல எனக்கு ஒரு இடம் இருக்கும்."

நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன். வக்கீல் இல்லையா.

பாவு நடுவில் ஆள் மாறக் கூடாது. கரை தள்ளும் கை மாறினால் புடவையில் தெரிந்துவிடும். அதனால்தான் அம்மா அப்படிக் கெடு வைத்தாள். மறுநாள் அவளுடைய புடவைகள் ஒரு கூடைப்பையில் மடித்து வைக்கப்பட்டன. பை ஆணியில் தொங்கியது.

நெய்ய நெய்யப் பாவு பிரிந்தது. முதல் தடவை தாள்கள் விழுந்தபோது நான் தறிக்கு அடியில் புகுந்து பொறுக்கினேன். பக்க எண் பார்த்து அடுக்கினேன். கடைசிப் பக்கங்கள். கடைசியில் சுற்றியதுதானே முதலில் வரும். எனக்குக் கிடைத்தது கதையின் முடிவு.

முடிவில் ராஜா புளியமரத்தின் உச்சிக் கிளையில் இருந்தார். தலையில் கிரீடம் இல்லை, அண்டா இருந்தது. மரத்தடியில் மந்திரி ஒரு கோழிக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பூதம் மூக்கைச் சிந்தி அழுதது. ஊரே கை தட்டியது. சுபம்.

நான் சத்தமாகப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான். தறி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், "எதுக்கு ஏறுனானாம்?"

"தெரியலப்பா. அது முன்னாடி பக்கத்துல இருக்கும். அது உள்ள இருக்குது."

அப்பா உருளையைப் பார்த்தார். அடுத்த தாள் வர நாலைந்து நாளாகும். எனக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் நெய்யுங்கள் என்று இரண்டு பேரையும் விரட்ட ஆரம்பித்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் உருளையைத்தான் பார்ப்பேன். ஒரு விரல் அளவு இளைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

ஆனால் அந்தப் பாவு மெதுவாகத்தான் ஓடியது. அப்பா திடீரென்று பொறுமைசாலி ஆகிவிட்டார். அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்தார். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனார். முன்பெல்லாம் டீ தறிக்கு வரும். எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாப்பா, இப்படி இழுக்கற?"

"நல்லா வரணும் இல்ல பாப்பா" என்றார்.

அம்மாவுக்காவது அவசரம் இருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவள். அவளும் நாடாவில் நூல் மாட்டுவதற்குள் மூன்று தடவை புடவைத் தலைப்பை உதறினாள். நான் இரண்டு பேரையும் திட்டினேன். "உங்களுக்கு என்னா, கதை என்னுதுதானே போச்சி."

அடுத்து வருவதற்குள் ராஜா ஏன் மரத்தில் ஏறினார் என்று வீட்டில் யோசனை ஓடியது. நான் பூதம் துரத்தியிருக்கும் என்றேன். அப்பா ஊடையை மாற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"துரத்தவெல்லாம் இல்ல. ஏதோ தப்பு பண்ணிட்டான். ஏறிட்டான். இப்போ எப்படி எறங்கறதுன்னு தெரியல அவனுக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எறங்கறவன் எறங்குவான். அவனுக்கு ஏணி வேற கொண்டாந்து வெப்பாங்களா?"

"கீழ நின்னுக்கினு கல்லால அடிச்சா எப்படி எறங்குவான்?"

"யாரும் அடிக்கல. ஊரே கீழ பாத்துக்கினு நின்னுச்சி. அவந்தான் வரல."

"வரக்கூடாதுன்னு இல்ல. வர முடியல."

"முடியலன்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்பறது."

அப்பா நாடாவை ஓட்டினார், அம்மா கரையைத் தள்ளினாள். அவர்கள் இவ்வளவு நேரம் என்னை விட்டுவிட்டுப் பேசியதை நான் கவனிக்கவில்லை. என் கவலை வேறு. புத்தகத்தில் ஊர் கீழே கை தட்டியதாகத்தான் போட்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றதாகப் போடவில்லை. அம்மா சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த தாள்கள் விழுந்தன. இரண்டு பேரும் சொன்னது தப்பு. ராஜா ஏறியதற்குக் காரணம் கோழி. சிம்மாசனத்தில் கோழி உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தது. ராஜாவை அடைகாக்கச் சொல்லித் தீர்ப்பு. பயந்து ஏறிவிட்டார். "பாத்தீங்களா, நீங்க சொன்னது எதுவும் இல்ல" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோழிக்கு எப்படிச் சிம்மாசனம் கிடைத்தது என்று அடுத்த முறை வந்தது. பூதம் அரண்மனையை முட்டைக்குள் அடைத்துவிட்டது. கோழி அதை அடைகாத்தது. யார் முட்டையோ அவர்களுக்குத்தான் அரண்மனை என்று மந்திரி சட்டப் புத்தகம் பார்த்துச் சொன்னார். காரணம் பின்னாலும் காரியம் முன்னாலும் வரும் கதை. எனக்கு அது பழகிப்போனது. கதை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்.

ஆடி பிறந்த பிறகு மோர்ப் பக்கங்கள் வந்தன. அந்தப் பூதம் இளகின மனசுக்காரப் பூதம். யாரைத் திட்டினாலும் அது அழும். அழுதால் கண்ணீர் வராது, மோர் வரும். ராஜா சமையல்காரனைத் திட்டினார். பூதம் அழுதது. ஊருக்குள் மோர் வெள்ளம். ஜனங்கள் கூரை மேல் ஏறினார்கள். மந்திரி மரப் பெட்டியில் மிதந்துகொண்டு போனார். ராஜா தளபதியைக் கூப்பிட்டு என்ன நடவடிக்கை எடுத்தீர் என்று கேட்டார். தளபதி சலாம் போட்டுச் சொன்னார்: உப்பு போட்டாச்சு மன்னா, பெருங்காயத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவளும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கரை நாடாவை இழை தப்பித் தள்ளிவிட்டாள். அப்பாவும் பார்க்காமல் அடித்துவிட்டார். ஒரு விரல் அளவு ஓடின பிறகுதான் தெரிந்தது. கரையில் ஒரு தப்பு.

சிரிப்பு நின்றது. தப்பு என்றால் அப்பா விடமாட்டார். அரை நாள் வேலையானாலும் பிரிப்பார். பிரித்து முடிக்கும் வரை வீட்டில் யாரும் மூச்சு விட முடியாது. அம்மா நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மோர் வெள்ளத்தை மடியில் வைத்திருந்தேன்.

அப்பா கரையைத் தடவிப் பார்த்தார்.

"நானுந்தான் பாக்கல" என்றார். "ஏமே, ரெண்டு பேருமா பிரிக்கலாம். நீ அந்தப் பக்கம் புடி."

என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நேராகச் சொன்னார். அம்மா பிடித்தாள். சாயந்திரம் வரை குனிந்து ஒவ்வொரு ஊடையாகப் பிரித்தார்கள். பட்டு கசங்கக் கூடாது என்று மெதுவாகப் பிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. முன்னால் போக வேண்டிய பாவு பின்னால் போகிறதே என்று.

அதற்கப்புறமும் ஆணியில் பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அம்மா பேசுவது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. இருக்கிறது, இல்லை, போதும். அவ்வளவுதான். கெடுவைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. உருளை மெலிந்துகொண்டே வந்தது. மூன்றாவது புடவைக்கு முந்தானை வந்துவிட்டது. உள்ளே கடைசியாகக் கொஞ்சம் தாள்கள் இருப்பது ஓரத்தில் தெரிந்தது. எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அமாவாசை வந்தது. அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அப்பா குளித்தார், விபூதி பூசினார், வெள்ளைச் சட்டை போட்டார். மஞ்சள் பையில் தேங்காய், பழம், வெற்றிலை எடுத்துக்கொண்டார். தறியின் மேலிருந்து எதையோ எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். வேட்டியும் துண்டும்போல இருந்தது.

"எங்கப்பா போற?"

"சும்மா."

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கேட்கவில்லை. நான் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கையை விட்டு ஒரு தாளை இழுத்துவிடலாமா என்று பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் அப்பா வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. மூடியில் ஆணியால் பெயர் போட்டிருந்தது. மாகறல் வீட்டுச் சட்டி. உள்ளே போளி. புது மாமி போட்டதாம். அப்பா சட்டியை அடுப்பு மேடை மேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

அம்மா மூடியைத் திறந்தாள். திரும்ப மூடினாள். பிறகு பெயர் இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னா சொன்னான்?" என்றாள். என்னைப் பார்த்து இல்லை.

"அவன் இன்னா சொல்லுவான். சாப்புடாம அனுப்பமாட்டேன்னான். உக்காந்து சாப்ட்டேன்" என்றார் அப்பா. கொஞ்சம் நின்றுவிட்டுச் சொன்னார்: "மால போட்டான். ஊட்டுக்குள்ளதான். அந்தப் பொண்ணு போட்டோ புடிச்சிது."

அம்மா சட்டியை மறுபடி திறந்தாள். எனக்கு இரண்டு போளி கொடுத்தாள். நான் தின்றுகொண்டே, நாளைக்காவது முதல் பக்கம் வருமா என்று கேட்டேன்.

மறுநாள் முதல் பக்கம் வந்தது. தறியை நிறுத்தச் சொல்லிப் படித்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் கேட்டார்கள். ராஜாவுக்கு முதுகு அரித்தது. கைக்கு எட்டவில்லை. பக்கத்தில் ராணி இருந்தார், மந்திரி இருந்தார், சமையல்காரன் இருந்தான். கொஞ்சம் சொறிந்துவிடு என்று கேட்க ராஜாவுக்குக் கௌரவம் விடவில்லை. யாருக்கும் தெரியாமல் நிலவறைக்குப் போய் ஏதாவது குச்சி கிடைக்குமா என்று ஒரு ஜாடியைத் திறந்தார். உள்ளே பூதம் இருந்தது.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதான்" என்றேன். எனக்கே ஏமாற்றமாக இருந்தது. மோர் வெள்ளம், முட்டைக்குள் அரண்மனை, கோழி ராஜ்ஜியம், எல்லாம் ஒரு அரிப்புக்கு.

"எல்லாத்துக்கும் அவ்ளோதான் இருக்கும்" என்றாள் அம்மா.

மூன்றாவது புடவையை அறுத்தார்கள். உருளை வெறும் கட்டையாக நின்றது. அடுத்த பாவு வந்து கிடந்தது. புதுப் பாவு வந்தால், தறியில் மிச்சம் நிற்கும் பழைய நுனியோடு அதை இழைக்கு இழை சேர்த்து உருட்டுவார்கள். இல்லையென்றால் ஆயிரக்கணக்கான இழையைச் சீப்பு மாதிரி இருக்கும் தறி அச்சில் முதலிலிருந்து கோர்க்க வேண்டும். அந்த வேலைக்குப் பின்தெருவிலிருந்து ஒரு அம்மா வருவார்கள். அன்றைக்கு அவர்கள் வாசல் வரை வந்தார்கள். எங்கள் அம்மா, வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பி அனுப்பினாள். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு தறிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கதை முடிந்துவிட்டது. மாகறலுக்குப் போனால் மாமாவிடம் வேறு புத்தகம் கேட்கலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

"அம்மா, பாவு முடிஞ்சிடுச்சே. எப்போ போறோம்?"

அப்பா உருளைப் பக்கம் நின்று புதுப் பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை.

அம்மா தலையைத் தூக்கவில்லை. பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, இரண்டையும் சேர்த்து விரலுக்கு நடுவில் உருட்டினாள்.

"எங்க முடிஞ்சிது? நல்லா பாரு. ஓடிக்கினுதானே இருக்குது."

குனிந்து பார்த்தேன். அவள் உருட்டிவிட்ட இடத்தில் பழையது எது, புதியது எது என்று தெரியவில்லை. அம்மா சொன்னது சரிதான். ஆனால் இப்படிப் பார்த்தால் எந்தப் பாவும் முடியாதே. அது தறிக்காரர் வீட்டில் பிறந்த அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தால் ஏன் அப்படி ஒரு கெடு வைத்தாள்? பெரியவர்களுக்குச் சரியாகக் கெடு வைக்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.